புரியாத மொழி டான்ஸ் பாட்டு ஏன் மண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது? (விவாத இழை)

#1 – தாளப்பித்தன்

ஸ்பானிஷ், கொரியன், ருமேனியன், போர்த்துகீஸ் என்று ஒரு சொல்கூடத் தெரியாத மொழியில் வரும் டான்ஸ் பாட்டு, இரண்டு தடவை காதில் விழுந்தால் போதும், ஒரு வரி நாள் முழுக்க உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கிறது. தெரிந்த மொழியில் நல்ல வரிகளோடு வரும் பாட்டு அப்படி ஒட்டுவதில்லை. அர்த்தம் இல்லாததுதான் காரணமா, பீட்டா, மெட்டா? "மயக்குது", "மேஜிக்" என்று எழுதாமல் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி), அசைக் கணக்கு, எந்த இடத்தில் என்ன விழுகிறது என்று பிரித்துச் சொல்பவர்கள் வரவும்.

#2 – சுதிபேதம்

முதலில் ஒரு மாயையைக் கழித்துவிடுவோம். வேற்றுமொழிப் பாட்டு எல்லாமே ஒட்டும் என்பது பொய். அந்தந்த மொழியில் வருடா வருடம் வரும் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் மொழி எல்லையைத் தாண்டி நம் காதுக்கு வருவது ஒன்றோ இரண்டோ. 1996-ல் மகரேனா, 2002-ல் அசெரெஹே, 2003-ல் வெளியாகி அடுத்த வருடம் ஐரோப்பா முழுக்கப் பரவிய ட்ராகோஸ்தேயா தின் தேய், 2012-ல் கங்னம் ஸ்டைல், 2017-ல் டெஸ்பாசிட்டோ. ஹூக், அதாவது மனசில் மாட்டிக்கொள்ளும் அந்தத் துண்டு வரி, சுமாரான பாட்டு எல்லையிலேயே நின்றுவிடும். வடிகட்டி வந்ததை மட்டும் கேட்டுவிட்டு "அந்த மொழிப் பாட்டே தனி" என்கிறோம்.

இன்னொன்று. இதில் சில, சுத்தமான வேற்றுமொழிப் பாட்டாக ஜெயிக்கவில்லை. மகரேனா அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது, சரணங்களில் ஆங்கிலம் சேர்த்த பேசைட் பாய்ஸ் ரீமிக்ஸ் வடிவத்தில்தான். டெஸ்பாசிட்டோ அங்கே 16 வாரம் முதலிடத்தில் நின்றதற்கு ஜஸ்டின் பீபர் சேர்ந்த ரீமிக்ஸ் பெரிய காரணம். ஆனால் கவனியுங்கள்: இரண்டிலும் பல்லவியின் ஹூக்கில் யாரும் கை வைக்கவில்லை. அது ஸ்பானிஷாகவே இருந்தது.

#3 – கிக்டிரம்

சுதிபேதம் சொன்ன கடைசி வரிதான் விஷயமே. ஆனால் ஹூக்குக்கு முன்னால் தரை. தரை என்றால் தாளம்.

மனிதக் காதும் காலும் இயல்பாகப் பிடித்துக்கொள்ளும் வேகம் நிமிடத்துக்கு 120 அடியை ஒட்டி, அதாவது அரை நொடிக்கு ஒரு அடி. டான்ஸ்-பாப் அதற்குச் சற்று மேலே 124-லிருந்து 132-க்குள் உட்காரும். கங்னம் ஸ்டைல் 132. மெதுவாகத் தெரிபவை ஏமாற்றும். டெஸ்பாசிட்டோ 89 பிபிஎம்தான், ஆனால் பல்லவியின் அசைகள் பெரும்பாலும் ஒரு அடிக்கு நான்காக விழுவதால் நொடிக்குக் கிட்டத்தட்ட 6 அசை. காதுக்கு அது விறுவிறுப்பு.

அடுத்தது தள்ளல், சின்கோபேஷன்: ஒலி அடியில் விழாமல் அடிக்கு இடையில் விழுவது. எல்லாமே அடியில் விழுந்தால் மெட்ரோனோம் மாதிரி சலிக்கும். எல்லாமே அடி தவறி விழுந்தால் காலுக்குப் பிடி கிடைக்காது. 2014-ல் மரியா விடெக் குழு டிரம் லூப்புகளை வைத்துச் செய்த ஆய்வில், ஆட வேண்டும் என்ற உந்துதலும் இன்பமும் நடுத்தரத் தள்ளலில்தான் உச்சம். இரண்டு ஓரத்திலும் சரிவு.

ரெகேடோன் தாளம் அந்த நடுவில் துல்லியமாக நிற்கிறது. ஒரு பாரை, அதாவது நாலு அடியை, 16 கட்டமாகப் பிரியுங்கள். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 1, 5, 9, 13. ஸ்னேர் (சுள்ளென்று ஒலிக்கும் சின்ன டிரம்) 4, 7, 12, 15. வாயால் சொன்னால் "தகிட தகிட தக", மூன்று மூன்று இரண்டு, பாருக்கு இரண்டு தடவை. கிக் அசையாமல் நாலு அடி போட, ஸ்னேர் மூன்று மூன்றாக வந்து கிக்கோடு உரசும். கால் கிக்கைப் பிடிக்கும், இடுப்பு ஸ்னேரைப் பிடிக்கும். ஜமைக்காவில் கிளம்பி பனாமா, போர்ட்டோ ரிக்கோ வழியாக உலகம் சுற்றிய தாளம். வரி புரியவேண்டிய அவசியம் இந்த இடத்தில் பூஜ்யம்.

#4 – நாநுனி

தாளம் மட்டும்தான் என்றால் இன்ஸ்ட்ருமென்டல் வெர்ஷனும் அதே அளவு ஒட்ட வேண்டும். ஒட்டுவதில்லை. சுற்றுவது குரல். அதனால் அசையைப் பார்ப்போம்.

எல்லை தாண்டிய ஹூக்குகளை எடுத்து அசை பிரித்தால் ஒரே அச்சு தெரியும்: ஒரு மெய், ஒரு உயிர், முடிந்தது. ம-க-ரே-னா. நாலு அசை, நாலும் திறந்த அசை. டெஸ்-பா-சி-தோ, நாலில் மூன்று திறந்தது. மூன்று மெய் அடுக்கி வரும் அசையை அந்நிய நாக்கு முதல் தடவையில் சொல்லாது. சொல்ல வராததை மனசுக்குள்ளும் ஓட்ட முடியாது. மண்டைக்குள் பாட்டு ஓடுவது கேட்பது மட்டும் அல்ல, ஓசையில்லாமல் வாயசைப்பதும்தான்.

ருமேனியன் பாட்டான ட்ராகோஸ்தேயாவின் தொடக்கம் இதற்குப் பாடப்புத்தகம். சொல்லே இல்லாத அசைகள். முன்பகுதி அப்படியே இருக்க, கடைசி உயிர் மட்டும் ஈ, ஊ, ஓ, ஆ என்று மாறும். ஈ-யில் குரலின் இரண்டாம் ஒலிச்செறிவு (ஃபார்மன்ட், எந்த உயிர் என்று காதுக்குக் காட்டும் அதிர்வெண்) ஏறக்குறைய 2,300 ஹெர்ட்ஸில் இருக்கும். ஊ-வில் 900-க்கும் கீழே விழும். அங்கிருந்து ஓ, ஆ என்று வாய் படிப்படியாகத் திறக்கும். கிட்டார்காரர்கள் வா-வா பெடலை மிதித்துச் செய்வதை இங்கே உதடு செய்கிறது. எந்த மொழிக்காரரும் உடனே திருப்பிச் சொல்லிவிடுவார், ஏனென்றால் இந்த உயிர்கள் அநேகமாக எல்லா மொழியிலும் ஏதோ ஒரு வடிவில் உண்டு.

வேகமும் பார்க்க வேண்டும். 128 பிபிஎம்-ல் அரை அடிக்கு ஒரு அசை வைத்தால் நொடிக்கு 4.3 அசை. அந்நியர் கூடப் பாடலாம். கால் அடிக்கு ஒன்று வைத்தால் 8.5. ஸ்பானிஷ்காரர் சாதாரணமாகப் பேசுவதே நொடிக்கு 8 அசைக்குப் பக்கத்தில் என்பதால் அவருக்கு அது பெரிய விஷயமில்லை. மொழி தெரியாதவருக்கு நாக்கு சுளுக்கும். சரணம் எவ்வளவு வேகமாகப் போனாலும் பல பாட்டுகளில் பல்லவி பாதி வேகத்துக்கு இறங்குவது இதனால்தான்.

#5 – தாளப்பித்தன்

அப்படியானால் அர்த்தமே வேண்டாம், தத்தகாரத்தையே ரிலீஸ் பண்ணிவிடலாம் என்கிறீர்களா நாநுனி?

#6 – நாநுனி

பண்ணியிருக்கிறார்கள் தம்பி. 1972-ல் இத்தாலியில் அட்ரியானோ செலன்டானோ, அமெரிக்க ஆங்கிலம் மாதிரி ஒலிக்கும் அர்த்தமற்ற அசைகளால் ஒரு முழுப் பாட்டையே வெளியிட்டார். அசெரெஹேயின் பல்லவி, 1979-ல் வந்த ராப்பர்ஸ் டிலைட்டின் தொடக்க வரிகளை ஆங்கிலம் தெரியாத ஒரு ஸ்பானிஷ் வாய் சொன்னால் எப்படி வருமோ அப்படி எழுதப்பட்டது. ஸ்பானிஷ்காரருக்கும் அந்தப் பல்லவி புரியாது. அதனால் உலகத்தில் எல்லாரும் ஒரே தூரத்தில் நின்றார்கள்.

அர்த்தம் புரியாதது ஒரு வேலை செய்கிறது, அதற்கு ஆய்வும் இருக்கிறது. பேசிய ஒரு சொற்றொடரைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் சில சுற்றில் அது பாடுவது மாதிரிக் கேட்கத் தொடங்கும். டயானா டாய்ச் 1995-ல் கவனித்த மயக்கம் இது. எலிசபெத் மார்குலிஸ் குழு 2015-ல் இதையே பல மொழிகளில் சோதித்தது. ஆங்கிலம் பேசுபவர்களுக்கு உச்சரிக்கக் கடினமான மொழியில் அந்த மயக்கம் அதிகம். அர்த்தம் தேடும் வேலை இல்லாதபோது காது ஏற்ற இறக்கத்தையும் நடையையும் பிடித்துக்கொள்கிறது.

ஆக, அந்நிய மொழி குரலை ஒரு வாத்தியமாக்குகிறது. அது நல்ல வாத்தியமா என்பது அசையைக் கட்டியவர் கையில்.

#7 – மெட்டுக்காரி

எல்லாரும் மெட்டைத் தாண்டிப் போய்விட்டீர்கள்! லம்பாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். பொலிவியாவின் லாஸ் கார்காஸ் குழு ஸ்பானிஷில் பாடிய ஆண்டிஸ் மலை மெட்டு. 1989-ல் கயோமா குழு அதே மெட்டைப் போர்த்துகீஸில் பாடி உலகம் முழுக்க ஓட்டியது. வழக்கு நடந்து மூல ஆசிரியர்கள் பக்கம் நியாயம் கிடைத்தது. 2011-ல் அதே மெட்டு ஆங்கில டான்ஸ் பாட்டு ஒன்றில் மறுபடி வந்தது. மொழி மூன்று, தாளம் வேறு வேறு, அசை வேறு வேறு. ஒட்டியது மெட்டு.

2016-ல் கெல்லி யகுபோவ்ஸ்கி குழு, மண்டையில் சுற்றுவதாக மக்கள் பெயர் சொன்ன 100 பாப் பாட்டுகளையும், அதே அளவு பிரபலமாக இருந்தும் யாரும் பெயர் சொல்லாத 100 பாட்டுகளையும் ஒப்பிட்டது. சுற்றும் பாட்டு சற்று வேகமானது. மொத்த வளைவு பழகியது: ஏறும், இறங்கும், குழந்தைப் பாட்டு மாதிரி. ஆனால் உள்ளே எங்கேயாவது ஒரு எதிர்பாராத தாவல், அல்லது ஒரே ஸ்வரம் வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்புவது. பழகிய சாலை, நடுவில் ஒரு திடீர் வளைவு.

கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) விஷயமும் உண்டு. ஏ மைனர், எஃப், சி, ஜி என்று நாலு கார்டு. ருமேனியன் பாட்டு ஓடுவது இந்த வாய்ப்பாட்டில்தான். ஜி-யில் முடியும் சுற்று சி-க்குப் போய் உட்கார வேண்டும் என்று காது கேட்கும். அது போகாது, மறுபடி ஏ மைனருக்கே ஓடும். வாக்கியம் முடியாமலே அடுத்த வாக்கியம் தொடங்கிவிடுகிறது. லூப்பை எந்த இடத்தில் நிறுத்துவது என்று மனசுக்குத் தெரியாது. முழுப் பாட்டும் தெரியாதவருக்குப் பல்லவியின் இந்த 15 நொடி மட்டும்தான் கையில் இருக்கிறது. அடுத்த வரி தெரிந்தால் பாட்டு நகரும், தெரியாததால் அங்கேயே சுற்றும்.

#8 – சுதிபேதம்

மெட்டுக்காரி சொன்ன கடைசி வரியோடு ஒத்துப்போகிறேன். மொழி தெரியாமை ஒட்ட வைப்பதில்லை, ஒட்டியதை நகர விடுவதில்லை.

"அந்நிய மொழிதான் வசீகரம்" கட்சிக்கு ஒரு கேள்வி: நேனாவின் 99 பலூன் பாட்டு ஜெர்மனில் 1983-ல் வந்தது. அமெரிக்காவில் ஜெர்மன் வெர்ஷனே இரண்டாம் இடம் வரை போனது. பிரிட்டனில் 1984-ல் ஆங்கில வெர்ஷன் முதலிடம். ஒரே மெட்டு, ஒரே பாடகி. மொழி இரண்டு பக்கமும் தடையாகவும் இல்லை, தூக்கிவிடவும் இல்லை.

#9 – ஒலிமேசை

மிக்ஸிங் பக்கத்தை யாரும் தொடவில்லை. ஹூக்கை ஒட்டவைக்கும் பசை பாதி அங்கேதான்.

சைட்செயின்: கிக் விழும்போது பேஸ், சிந்த் (சிந்தசைசர்) இரண்டின் சத்தமும் குனிந்து, கிக் போனதும் எழும். அந்த மூச்சுதான் பாட்டுக்கு "பம்ப்" கொடுப்பது. 128 பிபிஎம்-ல் ஒரு அடி 469 மில்லிசெகண்ட், அரை அடி 234. ரேஷியோ (எவ்வளவு அழுத்தமாக அமுக்குவது) 4:1, அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 1 முதல் 3 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விட்டதும் எழ எடுக்கும் நேரம்) 120 முதல் 200, குறைப்பு 4 முதல் 8 டெசிபல். ரிலீஸ் 234-ஐத் தாண்டினால் அரை அடியில் விழும் பேஸ் இன்னும் எழுந்திருக்காது, பாட்டு முழுக்க அமுங்கிக் கிடக்கும். 50-க்குக் கீழே வைத்தால் பேஸ் கரகரக்கும். "டெமோவில் ஆடினேன், மாஸ்டரில் ஆட வரவில்லை" என்ற புகாரில் பெரும்பாலும் ரிலீஸ்தான் குற்றவாளி.

குரல்: ஹூக் வரியைக் குறைந்தது மூன்று தடவை தனித்தனியாகப் பாடிப் பதிய வேண்டும். ஒன்று நடுவில், இரண்டு இடம் வலமாக, நடுக்குரலைவிட 6 முதல் 9 டெசிபல் கீழே. ஒரே டேக்கைக் காப்பி அடித்து இடம் வலம் வைத்தால் அகலம் வராது, மோனோவாகத்தான் இருக்கும், இன்னும் சத்தமாக. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸில் மெய்யெழுத்தின் கூர்மை இருக்கிறது, அங்கே சிந்த் கத்திக்கொண்டிருந்தால் அசை மழுங்கும். புரியாத மொழியில் மழுங்கிய அசையைக் கேட்பவர் ஊகித்து நிரப்ப முடியாது. தெரிந்த மொழியில் தப்பித்துவிடும் தவறு இங்கே பாட்டையே சாய்க்கும்.

வெற்றிடம்: கங்னம் ஸ்டைலில் ஏற்றம் உச்சிக்குப் போனதும் வாத்தியங்கள் நிற்கும், தலைப்பு வரி தனியாக வரும், பிறகுதான் பீட் இறங்கும். ஏழு அசை, கிட்டத்தட்டப் பேச்சு. டெஸ்பாசிட்டோவில் முதல் பல்லவி தொடங்கும் அந்தச் சொல்லிலேயே வேகம் ஒரு நொடி தளர்ந்து மறுபடி பிடிக்கும். வாலோரி சலிம்பூர் குழுவின் 2011 ஆய்வில், இசை உச்சத்துக்கு முந்தைய எதிர்பார்ப்பிலேயே மூளையின் ஒரு பகுதியில் டோபமைன் வெளியாகிறது, உச்சத்தில் வேறு பகுதியில். நிறுத்தி வைப்பதற்கும் கூலி உண்டு.

#10 – புதுவரவு_77

ஐயா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். எந்த மொழிக்காரரும் பாடும்படி ஒரு ஹூக் கட்ட வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது? கிக்கும் கார்டும் போட்டாயிற்று, வரி உட்கார மாட்டேன் என்கிறது.

#11 – நாநுனி

வரியைத் தூக்கி வையுங்கள். நாலு முதல் எட்டு அசைக்குள் தத்தகாரம் கட்டுங்கள்: மெய்-உயிர், மெய்-உயிர். தொடக்க மெய் ம, ப, த, க, ல மாதிரி உதடோ நாக்கோ சுத்தமாக அடிக்கும் எழுத்தாக இருக்கட்டும். நீளும் ஸ்வரத்தில் நெடில், ஆ அல்லது ஓ. உச்ச ஸ்வரத்தில் இ, உ குறில் வைத்தால் குரல் நெரியும்.

#3-ல் சொன்ன 16 கட்டத்தில் வையுங்கள்: முதல் அசை 1, அடுத்தது 4, அடுத்தது 7. நாலாவதை 9-ல் இறக்கினால் கிக்கோடு சேர்ந்து உட்காரும், 11-ல் விட்டால் தொங்கும். மூன்று தடவை தொங்கவிட்டு நாலாவது தடவை உட்காரவையுங்கள். நாலு தடவையும் ஒரே மாதிரி என்றால் விளம்பர ஜிங்கிள், நாலும் வேறு என்றால் ஒன்றும் மிஞ்சாது.

பிறகு சொல். உங்கள் மொழியின் அழுத்தம் கிக் விழும் அசையில் வர வேண்டும். மொழிபெயர்த்த வெர்ஷன்கள் தோற்பது பெரும்பாலும் இங்கே. அர்த்தத்தைக் காப்பாற்ற ஆறு அசைக்குள் எட்டைத் திணிப்பார்கள், அழுத்தம் கட்டம் மாறிப் போகும், நெடில் இருந்த இடத்தில் குறில் வந்து இழுபடும். அர்த்தத்தைச் சரணத்துக்கு அனுப்புங்கள், பல்லவியில் ஒலியைக் காப்பாற்றுங்கள்.

#12 – மெட்டுக்காரி

சேர்க்கிறேன். வீச்சு ஆறு ஸ்வரத்துக்குள் இருக்கட்டும். பாடத் தெரியாதவரும் பாட வேண்டும். ஒரே ஒரு தாவல், அதுவும் முதல் மூன்று அசைக்குள். தாவியதும் படிப்படியாக இறங்குங்கள். தாவல் கடைசி அசையில் வந்தால் கேட்பவர் அதைத் தவறவிட்டு, சுற்றில் திருப்பிப் பாடும்போது சுதி போகும்.

இடமும் முக்கியம். 128-ல் 8 பார் சரியாக 15 நொடி. முன்னிசை 8 பார், சரணம் 8 பார் என்றால் பல்லவி 30-ஆம் நொடியில். ஸ்பாட்டிஃபையில் ஒரு கேட்பு கணக்கில் ஏறுவதும் 30 நொடியில்தான். அதனால்தான் இப்போது ஹூக்கின் ஒரு துண்டை முன்னிசையிலேயே வைக்கிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் பிடிப்பதில்லை, எதிர்பார்ப்பைத் திருடுகிறது. ஆனால் வேலை செய்கிறது.

#13 – கிக்டிரம்

கட்டி முடித்ததும் சோதியுங்கள். சுதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் 12 சதவீதம் குறைத்துக் கேளுங்கள். செத்துவிட்டால் பாட்டைத் தாங்கியது தாளம். குரலை எடுத்துவிட்டு அதே மெட்டைப் பியானோவில் போடுங்கள். நின்றால் மெட்டு தாங்குகிறது. சுதி இல்லாமல், கைதட்டி வரியைப் பேச்சாகச் சொல்லுங்கள். அப்போதும் ஆடவைத்தால் அசைதான் ஹூக். மூன்றிலும் நிற்கும் பாட்டு அபூர்வம், இரண்டில் நின்றால் போதும். ஒன்றில் மட்டும் நிற்கிறது என்றால் மிக்ஸைத் தொடாதீர்கள், கட்டுமானத்துக்குத் திரும்புங்கள்.

#14 – தாளப்பித்தன்

அருமை, எல்லாருக்கும் நன்றி. ஒன்று பாக்கி. ஏறியதை இறக்குவது எப்படி?

#15 – நாநுனி

சூயிங்கம் மெல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2015-ல் வெளியான ஆய்வில், மெல்லும்போது சுற்றும் பாட்டு குறைந்தது. மேலே சொன்ன அதே காரணம்: தாடையும் நாக்கும் வேறு வேலையில் இருந்தால் உள்ளே வாயசைக்க ஆள் இல்லை. மேசையில் விரலால் தட்டுவது அந்த அளவுக்கு உதவவில்லை.

அது இல்லாவிட்டால், எழுத்து மாற்றிச் சொல் கண்டுபிடிக்கும் புதிர் மாதிரி நடுத்தரக் கடினத்தில் ஒரு சொல் வேலை. ரொம்பச் சுலபமானால் மனசு அலைந்து பாட்டு திரும்பும், ரொம்பக் கடினமானால் கைவிட்டுவிட்டு மறுபடி பாட்டுக்கே போகும்.

#16 – சுதிபேதம்

மெட்டுக்காரி #7-ல் சொன்னதையும் பயன்படுத்தலாம். பல்லவிக்கு அடுத்து வரும் சரணத்தின் முதல் இரண்டு வரியை அசை அசையாகக் கற்றுக்கொள்ளுங்கள், அர்த்தம் வேண்டாம். லூப்புக்கு ஒரு வெளிவாசல் கிடைக்கும். "வேண்டாம், நினைக்கக் கூடாது" என்று அடக்கினால்தான் இன்னும் சத்தமாக வரும்.

#17 – புதுவரவு_77

நாநுனி அக்கா, 1-4-7-11 போட்டுப் பார்த்தேன், தொங்குகிறது, சரியாக இருக்கிறது. ஆனால் 11-ல் ஓபன் ஹை-ஹேட்டும் (டிரம்ஸின் ஜோடித் தட்டு) விழுவதால் கடைசி அசை அமுங்குகிறது. ஹை-ஹேட்டை நகர்த்தவா, அசையை நகர்த்தவா?

#18 – ஒலிமேசை

இரண்டையும் நகர்த்தாதீர்கள். 3, 7, 11, 15-ல் ஹை-ஹேட் இருந்தால்தான் தள்ளல் நிற்கும். 7-ல் அமுங்காமல் 11-ல் மட்டும் அமுங்குகிறது என்றால் அந்த அசையின் மெய் மென்மையாக இருக்க வேண்டும், "ல" அல்லது "ன" தானே? அதை "த" ஆக்கிப் பாருங்கள். மாற்ற முடியாத சொல் என்றால் 11-ஆம் கட்ட ஹை-ஹேட்டை மட்டும் 3 டெசிபல் குறைத்து, நடுக்குரலை விட்டு ஒரு பக்கமாகக் கொஞ்சம் ஒதுக்குங்கள்.